தென்கடல் கார்டு, வடகடல் கார்டு

"இதுல எதுல தண்ணி நல்லாத் தெரியும்?" என்று கேட்டார் சகாயமேரி அக்கா.

கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் இருந்தன. ஒன்று அட்டைப்பெட்டியில், சீல் உடைக்காமல். இன்னொன்று ஒரு பூப்போட்ட துவாலையில் சுற்றியபடி. அக்கா இரண்டையும் தொடாமல், மீன் வாங்கும்போது பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

பங்குனி மாதம். இராமநாதபுரம் சந்தைக்கு மிளகாய் வற்றல் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த நேரம். தெருவில் ஒரு வண்டி போனால் கடையில் உள்ள எல்லோரும் தும்முவோம். கம்ப்யூட்டர்களுக்குத் தும்மல் கிடையாது என்பதால் அவை பாட்டுக்கு ஓடின.

நான் அங்கே விற்பனைக்கு இருந்தேன். டிப்ளமா முடித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். சேர்ந்து எட்டு மாதத்தில் என்னிடம் விலை கேட்டிருக்கிறார்கள், கேரண்டி கேட்டிருக்கிறார்கள், இதில் பாட்டுக் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

"என்ன தண்ணிக்கா?" என்றேன்.

"கடத்தண்ணி" என்றார்.

நாற்பத்தைந்து நாள்

அக்காவுக்கு ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் தாண்டி, இராமேஸ்வரத்துக்கு முன்னால். வீட்டுக்காரர் அந்தோணி, விசைப்படகில் டிரைவர். சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். நாற்பத்தைந்து நாள் ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாது. அத்தனை ஆண்களும் கரையில் இருப்பார்கள். பத்து நாள் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் தெருவில் நடப்பார்கள்.

அவர்களுக்காக அக்கா ஒரு கேம் கடை போடப் போகிறார். வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். மெஷின்களை ஏற்கெனவே எங்கள் கடையில் சொல்லியாயிற்று. கிராஃபிக்ஸ் கார்டுதான் பாக்கி.

என்ன கேம் என்பதிலும் அவருக்குக் குழப்பம் இல்லை. மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படகுப் பந்தய கேம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதில் கடல் நிஜமாகவே அசைந்திருக்கிறது. சி.டி.யைக் கேட்டு வாங்கிவந்து, ஊரில் ஒருவர் வீட்டில் போட்டுப் பார்த்தால் அதே கடல் தார்ப்பாய் விரித்துப்போட்டதுபோலக் கிடந்திருக்கிறது. சி.டி. கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். கார்டில் இருக்கிறது சூட்சுமம் என்று பிறகு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க ஆளுக கடலைப் பாத்தே வளந்தவுக. தார்ப்பாயைக் காட்டி அவுககிட்டக் காசு கேக்க முடியாது தங்கச்சி" என்றார்.

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். எது நல்லது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் என் தாவணி நிறத்தைக்கூட நான் தேர்ந்தெடுத்தது கிடையாது. மூன்று நாள் அவகாசம் கேட்டேன்.

பெயரில் கடல்

கடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு இருந்த தகுதியையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் ஊர் கடலாடிக்குப் பக்கத்தில். கடலாடியின் பெயரில் கடல் இருக்கிறது, ஊரில் இல்லை. தாலுகா ஆபீஸ் இருக்கிறது. எங்கள் வீட்டில் மிளகாயும், மழை பெய்த வருஷம் நெல்லும். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். ஆனால் நாங்கள் அந்தப் பஸ்ஸில் ஏறவே மாட்டோம். கல்யாணம், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் மதுரைப் பக்கம்.

வருஷத்தில் ஒரு நாள், ஆடி அமாவாசைக்கு, சேதுக்கரை போவோம். அங்கும் எங்கள் அய்யா முங்கி எழுந்த கையோடு கரையேறி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்புகளுக்குக் காவல் நிற்பார். அவர் கடலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. நானும் பெரும்பாலும் செருப்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

கம்பிகளின் எண்ணிக்கை

எங்கள் முதலாளி ராஜாங்கம் தொழிலைத் தொடங்கியது டிவி ஆன்டெனாவில். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்கு மெட்ராஸ் டிவி சரியாக வராது, இலங்கை டிவி நன்றாக வரும். இராமேஸ்வரம் தீவில் வீட்டுக்கு வீடு இருபது முப்பது அடி இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டியிருப்பார்கள். சிங்களம் புரியாதவர்கள் சிங்களச் செய்தியை முழுசாகப் பார்த்த காலம் அது.

அந்தக் குழாய்களில் ஏறி இறங்கியவர் ராஜாங்கம். அப்போது அவரை "ஏலே ஆன்டெனா" என்றுதான் கூப்பிடுவார்களாம். டிவிக் கடை வைத்ததும் "அண்ணே" ஆனார். கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கிய அன்று "சார்" ஆகிவிட்டார். ஆள் ஒன்றுதான், விற்ற பொருள்தான் மாறியது என்று அவரே சொல்லுவார், சிரிக்காமல்.

ஆன்டெனாக் காலத்தில் அவர் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தார். எட்டுக் கம்பி ஆன்டெனாவையும் பதினாறு கம்பி ஆன்டெனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதில் படம் தெளிவு என்று யாரும் கேட்பதில்லை. பதினாறைத்தான் எடுப்பார்கள். ஜனங்கள் கம்பியை எண்ணுவார்கள் என்பது அவர் முடிவு.

மெட்ராஸிலிருந்து ஒரு பெட்டி நிறைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்தது அந்த நம்பிக்கையில்தான். 128 எம்.பி. என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் பழைய மாடல், அதனால் சல்லிசு. எண்ணைப் பார்த்து வாங்க இராமநாதபுரத்தில் ஆளுக்குப் பஞ்சம் இருக்காது என்று நினைத்தார். பஞ்சம் இருந்தது. ஆறு மாதத்தில் இரண்டுதான் விற்றிருந்தது.

துவாலையில் வந்தது

மற்றது ஜமாலுடையது. பெரியபட்டினத்துக்காரர். துபாயில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர், தங்கையின் நிக்காஹ்வுக்கு ஊருக்கு வந்தபோது தன் கம்ப்யூட்டரையும் தூக்கிவந்துவிட்டார். வந்த இரண்டாம் வாரம் கரண்ட் ஏறி இறங்கியதில் மதர்போர்டு போய்விட்டது. மிஞ்சியவற்றைத் தனித்தனியாக எங்கள் கடையில் விற்கக் கொடுத்தார். அதில் ஒன்று இந்தக் கார்டு. 64 எம்.பி. இதுவும் பழைய மாடல்தான். நடுவில் ஒரு சின்ன ஃபேன்.

அதைக் கொடுக்கும்போது அவர் துவாலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்ததாகவும், வேலை முடிந்து வந்து ஆளுக்கு அரை மணி என்று முறைவைத்து விளையாடியதாகவும் சொன்னார். ஓர் ஆள் அரை மணியைத் தாண்டினால் சோறு பொங்குவது அவன் பொறுப்பு. கார்டு எப்படி என்று கேட்டேன். "நான் நல்லாச் சோறு பொங்குவேன்" என்றார். பதிலாக அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அளந்து பார்த்தேன்

ஒரே மெஷின். ஒரே கேம். ஒரே படகு. முதலில் பெட்டியை உடைத்து 128-ஐச் சொருகினேன். அக்கா கொடுத்த சி.டி.யைப் போட்டு, ஒரு வளைவிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் ஓட்டினேன். திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று ஓர் எண் ஓடும். அதைப் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பிறகு கார்டைக் கழற்றி 64-ஐச் சொருகி, அதே வளைவு, அதே கலங்கரை விளக்கம்.

நான் அதுவரை கேம் விளையாடியதே இல்லை. முதல் நாள் முழுக்கப் பாறையில்தான் மோதினேன். பிரிண்டர் வாங்க வந்த ஒரு பள்ளிக்கூட கிளார்க், மோதுவதுதான் கேம் என்று நினைத்து, எத்தனை மார்க் என்று கேட்டார்.

இரண்டாம் நாள் எண்கள் நிலைக்கு வந்தன. 128 இருபதைத் தாண்டவில்லை. திருப்பத்தில் திக்கித் திக்கி நின்றது. 64 நாற்பதுக்குக் குறையவில்லை. நான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று மறுபடியும் கழற்றி மாட்டினேன். மறுபடியும் அதே.

காரணத்தை ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையில் தேடிப் பிடித்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம். 128-இல் கண்மாய் பெரிது, மடை சிறிது. எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வயலுக்கு வருவது கொஞ்சம்தான். 64-இல் கண்மாய் பாதிதான், ஆனால் மடை அகலம்.

வேகம் மட்டுமில்லை. கடலை அலை அலையாக வரைந்து, அதில் வெயிலையும் படகின் நிழலையும் ஆடவிடும் வித்தை 64-க்குத் தெரிந்திருந்தது. 128-க்கு அந்த வித்தையே கிடையாது. அது நீலத்தைப் பூசிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

64-இன் கடலை நான் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செருப்புகளுக்கு யாரும் காவல் நிற்க வேண்டியிருக்கவில்லை.

சார் சொன்னது

சாரிடம் பில் புத்தகத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

அறுபத்துநாலைவிட நூற்றிருபத்தெட்டு எப்படிச் சின்னதாகும் என்று கேட்டார். கண்மாய், மடை என்று விளக்கினேன். புரிந்துகொண்டார். புரிந்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. அந்தம்மாவிடம் இதையெல்லாம் விரித்துச் சொல்ல வேண்டாம், புதுசு, கேரண்டி உண்டு, எண்ணும் பெரிசு, அது போதும் என்றார்.

நான் பில் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அவர் திரும்பிக்கொண்டு, சால்டரிங் கம்பியைத் துடைத்தபடி, இன்னொன்றும் சொன்னார். "அங்கன ஃபேனு நிக்காது தாயி. நான் ஆன்டெனா போட்டவன். உப்புக்காத்து ஒரு வருசத்துல இரும்புக் குழாயையே தின்னுரும். இத்துனூண்டு ஃபேனு எம்புட்டு நாளு? எங்கிட்ட இருக்கதுல ஃபேனே இல்ல, சூடாத்த அலுமினியக் கட்டிதான்."

இதை அவர் சொன்னபோது எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு பெட்டிச் சரக்கைத் தள்ள ஆசைப்படுகிற மனிதர் இப்போது கடல் காற்றைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் நான் எண்களோடு இருந்தேன். அந்த எண்களுக்குப் பக்கத்தில் இந்த வாக்கியத்தை வைக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் அக்கா வந்தார். சார் வங்கிக்குப் போயிருந்தார். நான் இரண்டு கார்டையும் மாட்டிக் காட்டி, எண்களைச் சொல்லி, 64-தான் நல்லது, பழையதாக இருந்தாலும் அதுதான் கொடுக்கிற காசுக்குத் தகும் என்று சொன்னேன். தைரியமாகச் சொன்னேன். வேலை போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரிக் குரல் எனக்கு எங்கிருந்தோ வந்தது.

ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

64 ஒன்றுதான் இருந்தது. அக்கா அதை ஒரு மெஷினுக்கும், வேறு வழியில்லாமல் ஒரு 128-ஐ இன்னொரு மெஷினுக்கும் எடுத்துக்கொண்டார். சார் திரும்பிவந்து, ஒன்றாவது நம்முடையது விற்றதே என்று பில் போட்டார்.

தென்கடல் காலியா?

தடைக்காலம் தொடங்கிய பத்தாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிமடம் போனேன். மெஷின்களைச் சரிபார்க்க என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் என் தீர்ப்பைப் பார்க்கப் போனேன்.

வாசலில் இருபது ஜோடி செருப்பு. சர்ச்சில் பூசை முடிந்து வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஆண்கள் முன்னறையில் அடைந்து நின்றார்கள். ஒரு மெஷினில் விளையாடியவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தலைகள். இன்னொன்றின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

இராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இரண்டு கடல். வடக்கே இருப்பது வடகடல், காற்றில்லாத நாளில் குளம்போலக் கிடக்கும். தெற்கே தென்கடல், ஓயாமல் புரளும். முதல் நாளே யாரோ இரண்டு மெஷினுக்கும் பெயர் வைத்துவிட்டிருக்கிறார்கள். 64 தென்கடல். 128 வடகடல். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் "தென்கடல் காலியா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றால் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வடகடலுக்குப் பாதிக் கட்டணம் என்று அக்கா எழுதி ஒட்டியும் போணியில்லை.

என்னைக் கடைக்காரப் பிள்ளை என்று அக்கா அறிமுகம் செய்ததும், ஒரு வயதான டிரைவர் என்னிடம் ஒரு புகார் சொன்னார். கேமில் கரையோரக் கொடி ஒரு பக்கம் பறக்கிறது, அலை வேறு பக்கம் போகிறது. எந்தக் காற்றுக்கும் அது ஒத்துவராது. இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது என்றேன். அங்கே கடல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்பறம் ஏன்?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

அந்தோணி அண்ணன் கதவுப் பக்கம் ஒரு ஸ்டூலில், கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்தவரின் தோளைத் தொடுவார். அவ்வளவுதான் பேச்சு. நீங்கள் விளையாடவில்லையா என்று கேட்டேன். வருஷம் முழுக்க ஓட்டுகிறேன், லீவிலும் ஓட்டவா என்றார்.

அக்கா எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட வந்தபோது, போன தடைக்காலத்தில் அந்தோணி அண்ணன் கொச்சிப் பக்கம் படகுக்குப் போனதைச் சொன்னார். நாற்பத்தைந்து நாள் என்று போனவர் ஏழு மாதம் வரவில்லை. போனும் இல்லை. வந்தபோது கால் வீங்கி, ஆளே கறுத்து இளைத்திருந்தார். எங்கே இருந்தார், என்ன நடந்தது என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த வருஷம் தடைக்காலத்துக்கு முன்னாலேயே கடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டார்.

"மெஷினு ஓடுற வரைக்கும் அவுகளுக்கு வேல இருக்கும்" என்றார்.

அந்த வாக்கியம் பாம்பன் பாலம் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. இரும்புக் கம்பிகளின் கணுக்களில் துரு செதில் செதிலாக நின்றது. அதுவரை அதை நான் பார்த்திருக்கிறேனா என்று நினைவில்லை.

பூத்த கடல்

அடுத்த பதினைந்து நாள் எதுவும் நடக்கவில்லை. ஃபேன் ஒரு வருஷம் தாங்கும், அதற்குள் நானே போய் மாற்றிக்கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முப்பதாவது நாள் வாக்கில் கடைக்கு அக்காவின் போன் வந்தது. தென்கடலில் கடல் பூத்திருக்கிறது என்றார். பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள், அலைமேல் மினுங்குகின்றன. ஆட்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சில மாதங்களில் ராத்திரிக் கடல் மினுங்குமே, கேம் செய்தவன் அதைக்கூட வைத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டார்களாம். பக்கத்து ஊரிலிருந்தும் பார்க்க வந்தார்களாம். இரண்டு நாள் அப்படி ஓடியது. மூன்றாம் நாள் காலையில் படகு பாதி வழியில் நின்று, திரை உறைந்துவிட்டது.

போனை வைத்ததும் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவா என்று மட்டும் சொன்னார். நான் எதிர்பார்த்த பார்வையை அவர் பார்க்கவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

முன்னறையில் கூட்டம் இல்லை. வடகடலில் ஒருவர் மட்டும், வேண்டாவெறுப்பாக. அந்தோணி அண்ணனின் ஸ்டூல் காலி. துறைமுகத்துக்குப் போயிருக்கிறார், கொச்சி போகிற ஆட்கள் இரண்டு பேர் வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஃபேனின் நடுவில் வெள்ளையாக உப்பு பூத்து, ஓரத்தில் பச்சை படர்ந்து, விரலால் தள்ளினாலும் சுற்றவில்லை. அந்த முன்னறை ஜன்னல் தெற்குப் பார்த்தது. கடல் கூப்பிடு தூரம். இதை நான் ஞாயிற்றுக்கிழமையே பார்த்திருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கூட்டத்தைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

வடகடலைத் திறந்து பார்த்தேன். அலுமினியக் கட்டியில் கொஞ்சம் மங்கல். வேறொன்றும் இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "எங்க சாரு அன்னைக்கே சொன்னாரு. கடக்கரையில ஃபேனு நிக்காதுன்னு. நான் உங்ககிட்டச் சொல்லல."

"மறந்துட்டியா?"

"இல்லக்கா."

வடகடலில் இருந்தவர் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் திரைக்குத் திரும்பினார்.

"சொல்லியிருந்தா நான் அந்த ஃபேனு இல்லாததே ரெண்டு வாங்கியிருப்பேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வாங்கியிருந்தா இவ்வளவு ஆளும் வந்திருக்க மாட்டாக" என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எதை என் பக்கம் எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு என் கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாகவே இருந்தது. "எனக்கு நல்லதை மட்டும் சொன்ன தங்கச்சி. கெட்டதையும் சொல்லிரு. கேட்டுக்கிட்டு நான் முடிவு பண்ணிக்கிறேன். உனக்கு எதுக்கு அந்த வேல?"

நான் அழவில்லை. மூக்கு மட்டும் எரிந்தது. மிளகாய் மூட்டை எதுவும் பக்கத்தில் இல்லை.

ஒரு சொட்டு ஆயில்

மதியம் அந்தோணி அண்ணன் வந்தார். கழற்றிப்போட்ட கார்டைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்தார். ஃபேனைச் சுட்டு விரலால் தட்டினார். இதில் எது சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சூடேறிவிடும் என்றேன். எஞ்சின் மாதிரியா என்றார். ஆமாம் என்றேன்.

எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், சின்ன டப்பாவில் எஞ்சின் ஆயில் எல்லாம் கொண்டுவந்தார். ஃபேனை எப்படிக் கழற்றுவது என்று மட்டும் நான் சொன்னேன். மீதியை அவர் செய்தார். உப்பை உரசி எடுத்து, துடைத்து, காயவைத்து, அச்சில் ஒரே ஒரு சொட்டு ஆயில் விட்டார். ஊதினார். சுற்றியது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் இன்னொரு தடவை ஊதினார்.

மாட்டிப் போட்டோம். கடல் வந்தது, புள்ளிகளோடு. சூட்டில் வெந்தது வெந்ததுதான், புள்ளி போகாது, எப்போது வேண்டுமானாலும் மறுபடி நிற்கலாம், நாலு நாளோ நாற்பது நாளோ தெரியாது என்று நான் சொன்னேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலை மூடிவைக்க வேண்டும், பக்கத் தகட்டைத் திறந்து ஒரு மேசை ஃபேனைத் திருப்பிவைக்க வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு தடவை இதே மாதிரி துடைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"நான் தொடைச்சுக்கிறேன்" என்றார் அந்தோணி அண்ணன்.

கொச்சி ஆட்கள் சாயங்காலம் மறுபடி வந்தார்களாம். அக்கா பிறகு போனில் சொன்னார். இங்கே மெஷினைப் பார்க்க ஆளில்லை என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார். அவராகச் சொன்னார், நான் வாயே திறக்கவில்லை என்றார் அக்கா.

கார்டு பதிமூன்று நாள் ஓடியது. தடைக்காலத்தின் கடைசி நாளில் நின்றது, அப்புறம் எதற்கும் அசையவில்லை. மறுநாள் எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள்.

பின் அறை

தங்கச்சிமடத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலையிலேயே சாரிடம் சொல்லியிருந்தேன். அவர் சொன்னதை நான் அக்காவிடம் மறைத்ததையும், அது தெரியாமல் நடந்ததில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. தனக்கும் அதில் பங்குண்டு என்றார். எண்களை மறை என்று சொன்னவன், ஃபேனைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்.

"நாளையில இருந்து விக்க வேணாம் தாயி. பின்னாடி ரிப்பேருக்கு உக்காரு" என்றார்.

தண்டனை என்றுதான் நினைத்தேன். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. முதல் வாரம் யாரோடும் பேசவில்லை. இரண்டாம் வாரம் ஒரு அரிசி மில்காரர் தவிடு அடைத்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். துடைத்தேன், ஓட்டிப் பார்த்தேன். இப்போது ஓடும், மழைக்காலம் வந்தால் மறுபடி நிற்கும், புதிது வாங்குவதற்குப் பணம் இருந்தால் வாங்கிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். சார் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மழைக்காலத்தில் அந்த மில்காரர் திரும்ப வந்தார். புதிது வாங்கவில்லை. நான் சொன்னபடியே நின்றுபோயிருந்த பழையதையே தூக்கிவந்து, நேராகப் பின் அறைக்கு வந்து, என் மேசைமேல் வைத்தார்.